கம்பி சீக்கிரம் கழட்டணுமா? வாசகர் கேள்வி, பல் டாக்டர் பதில்

இந்தத் தடவ வடசென்னை வாசகருங்க அனுப்புன கேள்விய எல்லாம் படிச்சா, ஏரியா வேற வேறயா இருந்தாலும் சுத்தி சுத்தி எல்லாரும் ஒண்ணத்தான் கேட்டிருக்கீங்க, பல்லுக்கு கிளிப் போட்டா ரெண்டு வருஷம் ஆகுதே, கத்தி வெக்காம, ஊசி போடாம, சீக்கிரம் முடிக்க ஏதாவது மெஷின் இருக்கா, லைட் இருக்கான்னு. அதனால சொத்தப்பல் கேள்விங்களையும் பல் செட் கேள்விங்களையும் அடுத்த இதழுக்கு எடுத்து வெச்சுட்டேன், இந்த இதழ் முழுக்க இதுதான்.

தண்டையார்பேட்டை வாசகி ஒருத்தர்: என் பொண்ணுக்கு 23 வயசு. தெத்துப்பல்லுக்காக மேல ரெண்டு கீழ ரெண்டு பல்லு எடுத்துட்டு கிளிப் போட்டு பத்து மாசம் ஆச்சு. தை மாசம் கல்யாணம் பேசி முடிச்சிருக்கோம். வாயில கடிச்சுக்கிட்டு தினம் 20 நிமிஷம் வெச்சா அதிரும், பாதி நாள்ல வேலை முடிஞ்சுரும்னு கிளினிக்ல ஒரு மெஷின் காட்டுறாங்க. விலை கேட்டா தலை சுத்துது. செயின அடகு வெச்சாவது வாங்கிரலாம்னு அவங்கப்பா ஒரே பிடியா நிக்கிறாரு. வாங்கலாமா டாக்டர்?

அக்கா, வேணாம். செயின் உங்க கழுத்துலயே இருக்கட்டும். ஏன் வேணாம்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், ஆனா இத ஒரு தடவ புரிஞ்சுக்கிட்டா நாளைக்கு வேற யாராவது வேற மெஷினோட வந்தாலும் நீங்களே பதில் சொல்லிருவீங்க.

பல்லு தாடை எலும்போட நேரா ஒட்டிக்கிட்டு இல்ல, வேருக்கும் எலும்புக்கும் நடுவுல கால் மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு நார் சவ்வு இருக்கு. கம்பி பல்ல ஒரு பக்கமா தள்ளறப்போ அந்தப் பக்கத்து சவ்வு நசுங்குது, அங்க ஆஸ்டியோகிளாஸ்ட்னு எலும்ப கரைக்கற செல்லுங்க வந்து சேருது. எதிர் பக்கம் நார் இழுபடுது, அங்க ஆஸ்டியோபிளாஸ்ட்னு இன்னொரு வகை செல் புது எலும்பு கட்டுது. நம்ம ஊர்ல ஹார்பர் கட்டுனதுக்கு அப்புறம் தெக்க மெரினா பக்கம் மணல் சேந்துக்கிட்டே போச்சு, வடக்க ராயபுரம் காசிமேடு பக்கம் கடல் கரைய அரிச்சுக்கிட்டே வந்துச்சு, பல்லச் சுத்தியும் அதே மாதிரிதான் ஒரு பக்கம் அரிக்குது ஒரு பக்கம் சேருது, நடுவுல பல்லு நகருது. இத 1904லயே ஸ்வீடன்காரர் கார்ல் சாண்ட்ஸ்டெட் நாயோட பல்ல கம்பியால நகத்தி, எலும்ப வெட்டி மைக்ரோஸ்கோப்புல பாத்து எழுதி வெச்சுட்டாரு.

இந்த அரிப்பும் சேர்ப்பும் உடம்போட வேகத்துலதான் நடக்கும். அழுத்தம் விழுந்த முதல் சில நாள் சவ்வுக்குள்ளயே பல்லு லேசா நகரும், அப்புறம் ரெண்டு மூணு வாரம் அசையாம நிக்கும், ஏன்னா நசுங்குன எடத்துல ரத்த ஓட்டம் நின்னு செத்துப்போன திசுவ முதல்ல உடம்பு துப்புரவு பண்ணணும், அது முடிஞ்சாதான் பல்லுக்கு வழி. இதெல்லாம் சேத்துப் பாத்தா இடைவெளி மூடறது சுமாரா மாசத்துக்கு 1 மில்லிமீட்டர். உங்க பொண்ணுக்கு எடுத்த பல்லு ஒவ்வொண்ணும் 7 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அதுல கொஞ்சம் எடத்த தெத்துப்பல் நேராகறதுக்கு எடுத்துக்கும், மிச்சத்த மாசம் மாசமா மூடணும், அதுக்கப்புறம் மேல்பல்லும் கீழ்பல்லும் சரியா கடிக்க வெக்கணும். கணக்கு இப்பிடி ஓடறதாலதான் ரெண்டு வருஷம்னு சொல்றாங்க, யாரும் வேணும்னு இழுக்கல.

இப்ப மெஷினுக்கு வரேன். லேசா அதிர வெச்சா எலும்பு செல் சுறுசுறுப்பாகும்ங்கற யோசனை கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, எலிங்கள வெச்சு பண்ண சில சோதனைலயும் வேகம் தெரிஞ்சுது. அத வெச்சு அமெரிக்காவுல ஆக்ஸலடென்ட்னு ஒரு கருவி வந்துச்சு, செகண்டுக்கு 30 தடவ அதிரும், விசை 25 கிராம் அளவுக்குத்தான், தினம் 20 நிமிஷம் கடிச்சுக்கணும். இத மனுஷங்க கிட்ட இங்கிலாந்துல ஒழுங்கா சோதிச்சு 2015ல வெளியிட்டாங்க. 81 பேரு, எல்லாருமே உங்க பொண்ணு மாதிரி பல்லு எடுத்துட்டு கிளிப் போட்டவங்க. ஒரு கூட்டத்துக்கு நெசமான மெஷின், இன்னொரு கூட்டத்துக்கு பாக்க அதே மாதிரி இருக்கும் ஆனா அதிராது, மூணாவது கூட்டத்துக்கு வெறும் கிளிப் மட்டும். கீழ்வரிசைப் பல்லு எவ்ளோ வேகமா நேராகுதுன்னு அளந்து பாத்தா மூணுக்கும் வித்தியாசமே இல்ல. வலியும் குறையல.

ஒரே ஒரு ஆராய்ச்சிய வெச்சு முடிவு கட்டலாமான்னு உங்க வீட்டுக்காரர் கேப்பாரு, கேக்கறது நியாயம்தான். காக்ரேன்னு ஒரு அமைப்பு இருக்கு, உலகம் முழுக்க நடந்த சோதனைய எல்லாம் சல்லடை போட்டு சேத்துப் படிச்சு முடிவு சொல்றவங்க. ஆபரேஷன் இல்லாம பல்ல சீக்கிரம் நகத்தற வழிங்கள அவங்க 2015ல ஒரு தடவ பாத்தாங்க, 2023ல திரும்பவும் பாத்தாங்க. ரெண்டாவது தடவ 23 சோதனை, ஆயிரத்துச் சொச்சம் பேரு. அதிர்வாலயும் சரி லைட்டாலயும் சரி மொத்த சிகிச்சை காலம் குறையுதுன்னு காட்ட நம்பகமான ஆதாரம் இல்லங்கறதுதான் சாரம். பாதி நாள்ல முடியும்னு உங்களுக்கு சொன்னவங்க எத வெச்சு சொன்னாங்கன்னு மரியாதையா கேளுங்க, எழுதிக் குடுங்கன்னும் கேளுங்க.

அப்போ அந்த மெஷின் போட்டவங்க சிலர் எனக்கு வேல செஞ்சுதேன்னு சொல்றாங்களே, அவங்க பொய் சொல்லல. ஆரம்பத்துல போடற கம்பி நிக்கல் டைட்டானியம் கம்பி, எப்படி வளைச்சாலும் தன்னோட பழைய வடிவத்துக்குத் திரும்பும், அமெரிக்க கடற்படை ஆராய்ச்சிக்கூடத்துல 1960 வாக்குல வந்த உலோகம், 70கள்ல ஆண்ட்ரியாசன்னு ஒரு பல் டாக்டர் இத பல்லுக்குக் கொண்டு வந்தாரு. தொடர்ந்து லேசா தள்ளிக்கிட்டே இருக்கறதால முன்னாடி பல்லு முதல் ஆறு மாசத்துலயே கண்ணுக்குத் தெரியற மாதிரி நேராயிரும். பக்கத்துல மெஷினும் இருந்தா பேரு மெஷினுக்குப் போயிருது.

கல்யாணத்துக்கு வரேன். பத்து மாசம் ஆச்சுன்னா உங்க பொண்ணோட முன்பல்லு இந்நேரம் பெரும்பாலும் வரிசைக்கு வந்திருக்கும், இப்ப போறது இடைவெளி மூடற வேல. டாக்டர் கிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க, இப்ப எந்த கட்டத்துல இருக்கு, தைக்குள்ள எதெல்லாம் முடியும். முன்னாடி ஆறு பல்லுல கம்பிய புடிக்க ஒட்டியிருக்கற சின்ன ஸ்டீல் துண்ட, அதாவது பிராக்கெட்ட, பல்லு கலர் செராமிக்கா மாத்த முடியுமான்னும் கேளுங்க, கலர் ரப்பருக்கு பதிலா வெள்ளை போடச் சொல்லுங்க, போட்டோல தூக்கலா தெரியாது. அந்த செலவு மெஷின் விலைல ஒரு ஓரம்தான் வரும். ஆனா கல்யாணத்துக்காக பாதியில கழட்டிட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு மட்டும் பண்ணாதீங்க, எடுத்த எடம் பாதி திறந்து நிக்கும், நேரான பல்லு திரும்ப கோணும், பொண்ணு ரெண்டாவது தடவ முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, நானே சொல்லிடறேன். கல்யாணமாகி பொண்ணு வேற ஊருக்குப் போறதா இருந்தா, ஆரம்பத்துல எடுத்த எக்ஸ்ரே, பல் அச்சு, போட்டோ, இதுவரைக்கும் என்ன பண்ணாங்கங்கற குறிப்பு எல்லாத்தையும் இப்பவே கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க. வேற டாக்டர் நடுவுலேர்ந்து தொடரணும்னா இது இல்லாம ரொம்ப திண்டாடுவாரு, அங்க போற மாசங்கள எந்த மெஷினும் திருப்பித் தராது.

காசிமேடு வாசகர், வயசு 26: எங்க டாக்டர் ஒவ்வொரு தடவயும் ஈறு மேல லேசர் காட்டறாரு, அதுக்கு தனியா காசு. ஆன்லைன்ல சிவப்பு லைட் வர்ற மவுத்பீஸும் விக்கிறாங்க. லைட்ல பல்லு நகருமா டாக்டர், நம்பவே முடியல.

தம்பி, சந்தேகப்பட்டது சரி, ஆனா இது முழுக்க கட்டுக்கதையும் இல்ல. 1967ல ஹங்கேரில எண்ட்ரே மெஸ்டர்னு ஒரு டாக்டர், லேசர் பட்டா கேன்சர் வருமான்னு பாக்க எலிங்க முதுக ஷேவ் பண்ணி ரூபி லேசர் அடிச்சாரு, கேன்சர் வரல, ஆனா லேசர் பட்ட எலிக்கு முடி சீக்கிரம் முளைச்சுது. அங்கேர்ந்துதான் இந்த குறைஞ்ச சக்தி லேசர் வைத்தியம் ஆரம்பிச்சுது. இது சுடாது, வெட்டாது. சிவப்புக்கும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கும் நடுவுல இருக்கற வெளிச்சம், சுமாரா 600லேர்ந்து 1000 நானோமீட்டர் வரைக்கும், செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியால ஒரு என்சைம் அத உறிஞ்சுது, செல் கொஞ்சம் சுறுசுறுப்பாகுதுன்னு விளக்கம் சொல்றாங்க.

பல்லு விஷயத்துல என்ன பிரச்சனன்னா, சின்ன சின்ன சோதனைங்க நிறைய நடந்திருக்கு, ஒரே ஆளோட வாயில வலப்பக்கம் லேசர் இடப்பக்கம் ஒண்ணும் இல்லன்னு வெச்சு கோரைப்பல் எவ்ளோ நகருதுன்னு அளப்பாங்க, சிலதுல லேசர் பக்கம் கொஞ்சம் முந்துது, சிலதுல ரெண்டும் ஒண்ணாவே வருது. ஒவ்வொரு ஆராய்ச்சில ஒவ்வொரு அலைநீளம், ஒவ்வொரு அளவு, வாரம் ஒரு தடவ ஒருத்தர் மாசம் ஒரு தடவ ஒருத்தர், இதுல கம்மியா குடுத்தா ஒண்ணும் ஆகாது, அதிகமா குடுத்தா செல் மந்தமாயிரும்ங்கற சிக்கல் வேற. அதுமட்டும் இல்ல, கோரைப்பல் மூணு மாசத்துல அர மில்லிமீட்டர் கூட நகந்துச்சுன்னு வெச்சுக்கோங்க, அதனால உங்களுக்கு கிளிப் எத்தன மாசம் முன்னாடி கழண்டுச்சுங்கறதுதான் உங்களுக்கு வேணும், அந்த எடத்துலதான் ஆதாரம் ரொம்ப மெலிஞ்சு கெடக்கு. கம்பி மாத்துன அன்னிக்கு வர்ற வலிக்கு லேசர் கொஞ்சம் உதவுதுன்னு சில சோதனை சொல்லுது. அந்த வலி எப்படியும் ரெண்டு மூணு நாள்ல தானா போயிரும்.

உங்க டாக்டர் இலவசமா காட்டுனா மறுக்க வேணாம், கண்ணுக்கு அந்த கலர் கண்ணாடி மட்டும் கட்டாயம் போட்டுக்கோங்க. தனியா காசுன்னா நான் குடுக்கச் சொல்ல மாட்டேன். ஆன்லைன் மவுத்பீஸ் வேணவே வேணாம், எந்த அலைநீளம், எவ்ளோ சக்தின்னு அட்டைல ஒழுங்கா போட்டிருக்காத பொருள வாய்க்குள்ள வெச்சுக்கிட்டு உக்கார வேணாம் தம்பி.

பெரம்பூர் வாசகி: செல்ஃப் லைகேட்டிங்னு புது மாதிரி பிராக்கெட் போட்டா ஆறு மாசம் மிச்சமாகும்ங்கறாங்களே?

ஆகாதும்மா. அதுல கம்பிய புடிக்கற ரப்பருக்கு பதிலா சின்ன கதவு இருக்கும், அதனால டாக்டருக்கு நாற்காலி பக்கத்துல சில நிமிஷம் மிச்சமாகும். சாதா பிராக்கெட்டோட வெச்சு ஒழுங்கா ஒப்பிட்டுப் பாத்தப்போ மொத்த மாசக்கணக்குல பேசற அளவுக்கு வித்தியாசம் வரல. உங்களுக்குப் புடிச்சிருந்தா போட்டுக்கலாம், நேரத்துக்காக போடாதீங்க.

வியாசர்பாடி காலேஜ் பொண்ணு: முன்னாடி ரெண்டு பல்லு நடுவுல சந்து இருக்கு. சின்ன ரப்பர் பேண்ட் மாட்டுனா ரெண்டே வாரத்துல மூடிருதுன்னு வீடியோ பாத்தேன். என் ஃப்ரெண்ட் மாட்டிட்டா. நானும் மாட்டலாமா?

மாட்டாத தங்கச்சி. இந்த இதழ்ல வந்த கேள்வியிலயே எனக்கு ரொம்ப பயம் குடுத்தது இதுதான். பல்லு வேர் பக்கம் போகப்போக கூம்பா சிறுத்துக்கிட்டே போகும், அதனால ரப்பர் நழுவி நழுவி ஈறுக்குள்ள ஏறிரும். ஏறுனது வெளிய தெரியாது, விழுந்திருக்கும்னு நெனச்சுருவாங்க. உள்ள அது வேரோட நுனி வரைக்கும் போயி பல்லப் புடிச்சிருக்கற நாரையும் எலும்பையும் அறுத்துரும், ரப்பர் எக்ஸ்ரேலயும் ஒழுங்கா தெரியாது, பல்லு ஆட ஆரம்பிச்சு சீழ் வெச்சதுக்கப்புறம்தான் டாக்டர் கிட்ட வருவாங்க, ரெண்டு நல்ல முன்பல்லும் போன கேஸுங்க மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. உன் ஃப்ரெண்ட இன்னிக்கே கூட்டிக்கிட்டுப் போ, மாட்டுன ரப்பர் எண்ணிக்கைல ஒண்ணு கொறஞ்சாலும் டாக்டர் கிட்ட மறைக்காம சொல்லச் சொல்லு, திட்டுவாங்கன்னு பயந்து மறைச்சா பல்லுதான் போகும்.

உன் சந்துக்கு காரணம் மேல் உதட்டுலேர்ந்து வர்ற சதை நாரா, பல்லு சின்னதா இருக்கறதா, நடுவுல ஒரு கூடுதல் பல்லு எலும்புக்குள்ள புதைஞ்சிருக்கான்னு ஒரு எக்ஸ்ரேல தெரிஞ்சுரும். சில சமயம் பல்லு கலர் சிமெண்ட்ட ரெண்டு பக்கமும் வெச்சு ஒரே நாள்ல மூடிரலாம், பல்ல நகத்தவே வேணாம்.

ராயபுரம் அம்மா ஒருத்தர்: பையனுக்கு 14 வயசு. ஒன்றரை வருஷத்துல முடியும்னாங்க, ரெண்டு வருஷம் தாண்டிருச்சு, இன்னும் ஒரு வருஷம்ங்கறாங்க. நான் ஷிஃப்ட் வேலைக்குப் போறேன், மாசா மாசம் கூட்டிட்டுப் போக முடியல. அடிக்கடி பிராக்கெட் வேற விழுந்துருது. டாக்டர் மேல தப்பா, வேகமாக்க வேற வழி இருக்கா?

வழி இருக்கு அக்கா, நெசமாவே இருக்கு, அதுக்கு காசும் ஆகாது. கிளிப் சிகிச்சை சராசரியா 20 மாசம் ஆகுதுன்னு பல நாட்டு ஆராய்ச்சிய சேத்துப் பாத்த ஒரு தொகுப்பு 2016ல சொல்லுச்சு. அந்த 20 சிலருக்கு 30, 36னு நீள்றதுக்கு நான் கண்ணால பாக்கற முக்கியமான காரணம் விட்டுப்போன அப்பாயின்ட்மென்ட்டும் விழுந்த பிராக்கெட்டும்தான், அதனால உங்க கேள்விக்குத்தான் மனசார பதில் சொல்லணும்னு உக்காந்தேன்.

கம்பியோட தள்ளு விசை சில வாரத்துல தீந்துரும், பல்லுங்கள சேத்து இழுக்கற ரப்பர் சங்கிலின்னா நாலு வாரத்துல நல்லாவே தளந்துரும். நாலு இல்லன்னா ஆறு வாரத்துக்கு ஒரு தடவ வரச் சொல்றது அதுக்குத்தான். ஒரு தடவ விட்டா அந்த மாசம் பல்லு சும்மா நிக்கும், வருஷத்துல நாலு தடவ விட்டா நாலு மாசம் போச்சு. பிராக்கெட் விழுந்தா இன்னும் மோசம், அந்தப் பல்லு மட்டும் கம்பியோட புடிப்ப விட்டுட்டு பழைய எடத்துக்குத் திரும்பும், அடுத்த தடவ டாக்டர் பெரிய கம்பிக்குப் போக முடியாம திரும்ப சின்ன கம்பியிலேர்ந்து ஆரம்பிக்கணும்.

அதனால முதல் வேலையா, விழுந்த அன்னிக்கே போன் பண்ணுங்க, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. உங்க ஷிஃப்ட் நேரத்த ரிசப்ஷன்ல சொல்லி, ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்ச காலையிலயோ வார லீவுலயோ நிலையா ஒரு நாள் கேட்டு வாங்குங்க, பையனோட சித்தப்பாவோ பாட்டியோ கூட்டிட்டுப் போனாலும் போதும், நீங்களே போகணும்னு இல்ல. ஸ்கூல் பசங்களுக்கு லீவு நாள் கேட்டா எந்த டாக்டரும் முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க.

சாப்பாடு. நம்ம ஏரியால இத பேசாம விட முடியாது. மீன் குழம்புக்கு பிரச்சனையே இல்ல, முள்ள பாத்துக்கிட்டா போதும். நண்டு காலப் பல்லால கடிச்சு உடைக்கறதுதான் பிராக்கெட்டுக்கு எமன், கையாலயோ அம்மிக்கல்லுலயோ தட்டி சதைய எடுத்துக் குடுங்க. பர்மா நூடுல்ஸ் அத்தோ சாப்பிடலாம், அதுல நொறுக்கிப் போடற மொறுமொறு பேஜோவ வேணாம்னு கடைக்காரர் கிட்ட சொல்லிருங்க. கடலை மிட்டாய், கெட்டி முறுக்கு, ஐஸ் கட்டிய கடிக்கறது, பொங்கலுக்குக் கரும்பு கடிக்கறது, எலும்ப கடிச்சு நல்லி உறிஞ்சறது, இதெல்லாம் கம்பி கழட்டற வரைக்கும் வேணாம், கரும்ப சாறா குடிச்சிட்டு வாய் கொப்புளிக்கட்டும். கொய்யாவும் ஆப்பிளும் சின்னதா நறுக்கி பின்பல்லுல சாப்பிடலாம். பேனா மூடி கடிக்கற பழக்கம் இருக்கான்னு பாருங்க, பசங்க சொல்ல மாட்டாங்க, பேனாவ பாத்தா தெரிஞ்சுரும்.

டாக்டர் மேல்பல்லுலேர்ந்து கீழ்பல்லுக்கு மாட்டற ரப்பர் குடுத்திருக்காரான்னு கேளுங்க. குடுத்திருந்தா அது சாப்பாடு நேரம் தவிர நாள் முழுக்க இருக்கணும், தினம் புதுசு மாத்தணும். ராத்திரி மட்டும் மாட்டிட்டு பகல்ல ஸ்கூல்ல கிண்டல் பண்றாங்கன்னு கழட்டி பாக்கெட்ல போட்டா, ராத்திரி நகந்தது பகல்ல திரும்பிரும். 14 வயசுல கிண்டலுக்கு கூச்சம் இருக்கும், அத திட்டித் தீர்க்க முடியாது, இத மாட்டுனா இத்தன மாசம் முன்னாடி கழண்டுரும்னு டாக்டரயே அவன் கிட்ட நேரா கணக்கு சொல்லச் சொல்லுங்க, பெரியவங்க மாதிரி மதிச்சுப் பேசுனா இந்த வயசு பசங்க கேப்பாங்க, நான் தினம் பாக்கறேன்.

வலிக்கு என்ன மாத்திரை குடுக்கறீங்க? பல்லு நகர்றதுக்கு ப்ராஸ்டாகிளாண்டின்னு உடம்பு சுரக்கற ஒரு பொருள் வேணும், ஐப்யூப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரைங்க வலிய குறைக்கறதே அந்தச் சுரப்ப அடக்கித்தான். ஒரு மாத்திரை போட்டதால பல்லு நின்னுராது, ஆனா அடிக்கடி போட்டா நகர்ற வேகம் குறையலாம், அதனால கிளிப் வலிக்கு பாராசிட்டமால்தான் எங்களோட முதல் தேர்வு, அதுவும் வயசுக்கும் எடைக்கும் தகுந்த அளவு டாக்டர் சொன்னபடி. மெடிக்கல்ல பல்லு வலின்னு சும்மா கேட்டா வேற எதையாவது குடுத்துருவாங்க, பேரச் சொல்லிக் கேளுங்க.

பல்லு விளக்கறதையும் பாத்துக்கோங்க, பிராக்கெட்டச் சுத்தி அழுக்கு தங்கினா ஒரே மாசத்துல வெள்ளத் தழும்பு வர ஆரம்பிச்சுரும், ஈறு வீங்கி பிராக்கெட்ட மூடும், அப்புறம் டாக்டர் கம்பிய ஓரம் கட்டிட்டு ஈறு வைத்தியம் பாக்கணும், அதுவும் நேரம்தான். ஃப்ளோரைடு பேஸ்ட், சின்ன தலை பிரஷ், ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி கட்டாயம்.

டாக்டர் மேல தப்பான்னு கேட்டீங்க. விட்டுப்போன தேதியும் விழுந்த பிராக்கெட்டும் அவங்க கார்டுல எழுதியிருக்கும், வாங்கிப் பாருங்க, அத பாத்தாலே பதில் கிடைச்சுரும். ஒண்ணுமே விட்டுப்போகாம இழுக்குதுன்னா வேற ஒரு ஆர்த்தோடான்டிஸ்ட், அதாவது கிளிப் போடற ஸ்பெஷலிஸ்ட் கிட்ட ரெண்டாவது கருத்து கேக்கறதுல தப்பே இல்ல.

எண்ணூர் வாசகர்: டாக்டர் கிட்ட நல்லா இறுக்கிக் கட்டச் சொன்னா சீக்கிரம் நகராதா? வலிய நான் தாங்கிப்பேன்.

வலி தாங்கற உங்க மனசு புரியுது, ஆனா இறுக்குனா மெதுவாத்தான் ஆகும். விசை அதிகமானா சவ்வு முழுசா நசுங்கி ரத்த ஓட்டமே நின்னுரும், எலும்ப கரைக்கற செல்லு அங்க வரவே முடியாம எலும்போட உள்பக்கத்துலேர்ந்து சுத்திக் கரைச்சுக்கிட்டு வரணும், அதுவரைக்கும் பல்லு நிக்கும். வேரோட நுனியும் கரைஞ்சு குட்டையாகும், போன வேர் திரும்ப வராது. ஒரு கோரைப்பல்ல பின்னாடி இழுக்க 150 கிராம் அளவு விசை போதும்னு சொல்றது இதனாலதான்.

திருவொற்றியூர் வாசகர், வயசு 44: சுகர் இருக்கு. இந்த வயசுல கிளிப் போடலாமா? போட்டா சீக்கிரம் நகர எலும்புல சின்ன சின்ன ஓட்டை போடணும்ங்கறாங்க. ஓட்டை போடாம காந்தம், அல்ட்ராசவுண்டுன்னு வேற வழி இருக்கறதா கேள்விப்பட்டேன்.

44ல தாராளமா போடலாம் சார். பெரியவங்களுக்கு ஆரம்பத்துல பல்லு நகர கொஞ்சம் தாமதமாகும், ஒரு தடவ அசைய ஆரம்பிச்சா அப்புறம் பெரிய வித்தியாசம் இல்ல.

ஓட்டை போடறதுக்குப் பின்னால இருக்கற விஷயம் நெசம்தான். எலும்புல அடிபட்டா அந்த எடத்துல மட்டும் எலும்பு அரிக்கறதும் கட்டறதும் கொஞ்ச மாசத்துக்கு பல மடங்கு வேகமாகும், ஹெரால்ட் ஃப்ராஸ்ட்னு ஒரு எலும்பு டாக்டர் 1983ல இத விளக்கி எழுதுனாரு. ஆனா அந்த வேகம் சில மாசத்துல அடங்கிரும், சின்ன ஓட்டைய மட்டும் போட்டுப் பாத்த சோதனைங்கள்ல முடிவு ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரல, தொடர்ந்து வேகம் வேணும்னா திரும்பத் திரும்ப போடணும். சுகர் இருக்கறவங்களுக்கு புண்ணு ஆறறது தாமதம், கிருமித் தொற்று வேற. உங்களுக்கு நான் அத சொல்ல மாட்டேன்.

காந்தப் புலமும் அல்ட்ராசவுண்டும் எலும்பு வைத்தியத்துலேர்ந்து வந்தது. சேராத எலும்ப சேக்க காந்தப் புலக் கருவிக்கு, மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி குடுக்கற அமெரிக்க அமைப்பு எஃப்.டி.ஏ. 1979லயே அனுமதி குடுத்துச்சு, எலும்பு முறிவுக்கு அல்ட்ராசவுண்டுக்கு 1994ல குடுத்துச்சு, அதுவும் தினம் 20 நிமிஷம்தான். அப்புறம் 2016ல 501 பேருக்கு, கால் எலும்பு முறிஞ்சு ஆபரேஷன் பண்ணவங்களுக்கு, அல்ட்ராசவுண்ட் வெச்சுப் பாத்தாங்க, எலும்பு சீக்கிரமும் சேரல, ஆளு சீக்கிரம் நடக்கவும் இல்ல. எலும்பு முறிவுலயே இந்த நெலமன்னா பல்லுக்கு இத நம்பி காசு குடுக்க நான் எப்படி சொல்றது. பல்லுக்குன்னு நடந்ததுல நிறைய எலி, கினி பன்னி சோதனைதான்.

உங்களுக்கு வேகம் வேற எடத்துல இருக்கு. கிளிப்புக்கு முன்னாடி மூணு மாச சராசரி சுகர காட்டற ஹெச்பிஏ1சி டெஸ்ட் எடுத்து 7க்குப் பக்கத்துல கொண்டு வாங்க, ஈறு டாக்டர் கிட்ட வேர் வரைக்கும் சுத்தம் பண்ணிக்கோங்க. ஈறு நோய் ஓடிக்கிட்டு இருக்கறப்போ பல்ல நகத்துனா எலும்பு அரிக்கறது மட்டும் நடக்கும், கட்டறது நடக்காது, பல்லு ஆடிரும். பீடி, ஹான்ஸ், மாவா எதுவா இருந்தாலும் விட்டுருங்க, அது ஈற மட்டும் இல்ல வாயவே தின்னுரும். வீட்டுல அம்மாவோ மனைவியோ யாராவது எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ வருஷம் ஒரு ஊசியோ எடுக்கறவங்க இருந்து, அவங்களும் பல்லு வைத்தியத்துக்குப் போறதா இருந்தா அத முதல்லயே டாக்டர் கிட்ட சொல்லணும், அந்த மருந்து எலும்பு கரையறத நிறுத்தற மருந்து, பல்லு நகர்றது மந்தமாகும், பல்லு புடுங்குனா தாடை எலும்பு ஆறாம போற ஆபத்தும் இருக்கு.

கொருக்குப்பேட்டை வாசகி: மெஷினெல்லாம் விடுங்க டாக்டர், கிளிப்புக்கே பிரைவேட்ல கேக்கற காசு எங்களால முடியாது. பொண்ணு 12 வயசு, மேல்பல்லு ரொம்ப எத்திக்கிட்டு இருக்கு. வேற எடம் இருக்கா?

இருக்கும்மா. சென்ட்ரல் பக்கத்துல, கோட்டை ஸ்டேஷனுக்கு எதிர்ல முத்துசாமி ரோட்டுல தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, 1953ல ஆரம்பிச்சது. அங்க கிளிப் போடறதுக்குன்னே தனி டிபார்ட்மென்ட் இருக்கு, மேல்படிப்பு படிக்கற டாக்டருங்க புரொஃபசர் பக்கத்துல இருந்து பாக்க சிகிச்சை பண்றாங்க. கூட்டம் இருக்கும், முதல் நாள் காலையில ஓ.பி. சீட்டு போட்டு, பரிசோதனை, எக்ஸ்ரே, அச்சு எடுக்கறதுன்னு ரெண்டு மூணு தடவ அலைய வேண்டியிருக்கும், அதுக்கு சலிச்சுக்காதீங்க. உங்களுக்கு வண்ணாரப்பேட்டை வந்து மெட்ரோ ஏறுனா நேரா சென்ட்ரல், அங்கேர்ந்து நடந்தே போயிரலாம்.

12 வயசுன்னதால தள்ளிப் போடாம இந்த லீவுலயே போங்க. பொம்பளப் புள்ளைங்க வயசுக்கு வர்ற நேரத்துல தாடை வேகமா வளரும், கீழ்த்தாடை பின்னால இருக்கறதால மேல்பல்லு எத்தித் தெரியுதுன்னா அந்த வளர்ச்சிய பயன்படுத்தி கழட்டி மாட்டற கருவியாலயே நிறைய சரி பண்ண முடியும், வளர்ச்சி நின்னுட்டா அந்த வாய்ப்பு போயிரும். புள்ள தவறி கீழ விழுந்தா முதல்ல அடிபடறதும் எத்தின பல்லுதான். வயசுக்கு வந்துட்டாளா, எப்போங்கறத டாக்டர் கேட்டா கூச்சப்படாம சொல்லுங்க, அத வெச்சுதான் எவ்ளோ வளர்ச்சி மிச்சம் இருக்குன்னு கணக்கு போடுவாங்க. ஆதார் கார்டு, ரேஷன் கார்டு, முன்னாடி எங்கயாவது எக்ஸ்ரே எடுத்திருந்தா அதையும் கையோட எடுத்துட்டுப் போங்க.